கொல்லிமலைச் சாமையும் தில்லியின் விருந்து மேசையும்

ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் அரசு வல்வில் ஓரி விழா எடுக்கிறது. செம்மேட்டில் குதிரைமேல் வீற்றிருக்கும் ஓரியின் சிலைக்கு மாலை சூட்டுகிறார்கள். வில்வித்தைப் போட்டி நடக்கிறது. மேடையில் ஓரியின் கொடையும், ஒரே அம்பால் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய அவன் வில்லாற்றலும் பேசப்படுகின்றன. அவன் எப்படி மாண்டான் என்பது மட்டும் விழாப் பேச்சுகளில் அதிகம் இடம்பெறுவதில்லை. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனிடம் ஒப்படைத்தான் என்பது சங்கப் பாடல்கள் தரும் செய்தி. பலாவும் தேனும் தினையும் மூங்கிலும் மண்டிய ஒரு மலை, இரு குறுநிலத் தலைவர்களுக்கும் ஒரு வேந்தனுக்கும் இடையில் கைமாறும் பொருளாக இருந்திருக்கிறது. மலையில் தினை விதைத்தவர்களை யாரும் கேட்டதாகப் பாடல் இல்லை.

இதை நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. கொல்லிமலையின் சிறுதானியம் அண்மையில் மீண்டும் ஒருமுறை அரசுகளுக்கு இடையிலான விவகாரத்தில் நுழைந்தது. இந்தியா முன்மொழிந்து, 72 நாடுகள் ஆதரித்து, 2021 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தின்படி 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் வெள்ளை மாளிகையில் இந்தியப் பிரதமருக்கு அளித்த விருந்தில் சிறுதானியம் இருந்தது. செப்டம்பர் 9-ஆம் தேதி தில்லி பாரத மண்டபத்தில் ஜி-20 தலைவர்களுக்குப் பரிமாறிய விருந்தில் தினையில் செய்த மொறுவல் ஒன்று, காளானோடு சாமை மொறுவல் ஒன்று, ஏலக்காய் மணக்கும் குதிரைவாலி இனிப்பு ஒன்று என மூன்று சிறுதானியங்கள் வரிசையாக வந்தன. அதே ஆண்டின் மத்திய பட்ஜெட்டில் இவற்றுக்கு ‘ஸ்ரீ அன்னா’ என்ற புதுப்பெயரும் சூட்டப்பட்டது. (சாமை, தினை, வரகு, பனிவரகு, குதிரைவாலி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கும் மொழிக்காரர்களான நமக்கு இந்த ஒற்றைப் பட்டம் சற்று வேடிக்கையாகவே இருந்தது.)

இதை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிடலாம். நண்பர்கள் சிலர் அப்படித்தான் ஒதுக்குகிறார்கள். நாங்கள் அவர்களோடு உடன்படவில்லை. ஒரு நாட்டின் வானமும் மண்ணும் நிலத்தடி நீரும் அதன் அயலுறவை எவ்வளவு தூரம் நெருக்குகின்றன என்பதற்கு இந்தச் சிறுதானிய ஆண்டு ஒரு சாட்சி. சூழலும் அயலுறவும் என்றவுடன் நமக்கு ஆறுகள் நினைவுக்கு வரும். 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்த சிந்து நதி ஒப்பந்தம் நினைவுக்கு வரும். பருவநிலை மாநாடுகளில் கரியமில வாயுக் கணக்கு பற்றி நடக்கும் சச்சரவுகள் வரும். அவற்றைப் பற்றி நிறையவே எழுதப்படுகிறது. தானியத்தைப் பற்றி அவ்வளவு எழுதப்படுவதில்லை. ஆனால் இந்தியா உலகத்தின் முன் தலைகுனிந்து நின்றதும், தலைநிமிர்ந்து நின்றதும், சொன்ன சொல்லை மறுநாளே விழுங்கியதும் தானியத்தால்தான்.

தலைகுனிவிலிருந்து தொடங்குவோம். 1965-லும் 1966-லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்கும்படி லால் பகதூர் சாஸ்திரி நாட்டைக் கேட்டுக்கொண்டார். 1966-இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது. பெரும்பகுதி அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தின் கோதுமை. அதிபர் லிண்டன் ஜான்சன் அதை ஆண்டுக் கணக்கில் ஒப்புக்கொடுக்காமல் மாதக் கணக்கில் அளந்து அனுப்பினார். வியட்நாமில் அமெரிக்கா குண்டு வீசுவதை இந்தியா கண்டித்ததும் அவருக்கு எரிச்சலூட்டியது. கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்று அந்நாட்களைப் பற்றிச் சொல்வார்கள். அணிசேராக் கொள்கை பேசிய நாட்டுக்கு, அடுத்த கப்பல் எப்போது வரும் என்று துறைமுகத்தைப் பார்த்திருக்க வேண்டிய நிலை.

அந்த அவமானத்திலிருந்து வெளியேறும் வழியைத் தேடியவர்களில் இருவர் தமிழர்கள். ஒருவர் வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் செயலாளர் ஆர்வில் ஃப்ரீமனுடன் அவர் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். இந்தியா வேளாண்மையில் முதலீட்டைப் பெருக்கும், புதிய விதைகளையும் உரத்தையும் கொண்டுவரும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை கப்பலேறி வந்தது. மற்றொருவர் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன். பசுமைப் புரட்சி என்று நாம் பாராட்டுவதும் திட்டுவதுமான அந்த மாற்றம், அடிப்படையில் ஓர் அயலுறவு முடிவு என்பதை மறந்துவிடுகிறோம். பிறர் கையை எதிர்பார்க்காதிருப்பதே அதன் முதல் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறவும் செய்தது. (1967 தேர்தலில் அரிசிதான் பேச்சாக இருந்தது. சுப்பிரமணியம் கோபிச்செட்டிபாளையத்தில் தோற்றார்.)

ஆனால் ஒரு சார்பு போன இடத்தில் வேறு சில சார்புகள் வந்து அமர்ந்தன. நெல்லும் கோதுமையும் மாறி மாறி விளையும் வயலுக்கு உரம் வேண்டும். பொட்டாஷ் இந்தியாவில் வணிக அளவில் கிடைப்பதில்லை. ரஷ்யா, பெலாரஸ், கனடா, இஸ்ரேல், ஜோர்டான் என்று வெளியிலிருந்தே வரவேண்டும். பாஸ்பேட்டுக்கு மொராக்கோவையும் சவூதியையும், யூரியா ஆலைகளுக்கான எரிவாயுவுக்குக் கத்தாரையும் பார்க்க வேண்டும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டபோது இந்தியா ஏன் ரஷ்யாவைக் கடிந்துகொள்ளவில்லை என்று கேட்டவர்கள் ஆயுதத்தையும் எண்ணெயையும் காரணமாகக் காட்டினார்கள். உர மூட்டையையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். அப்போருக்குப் பின் இந்தியாவுக்கு உரம் விற்கும் நாடுகளில் ரஷ்யா முன்வரிசைக்கு வந்தது. 2025-இல் சீனா சிலவகை உர ஏற்றுமதியை இறுக்கியபோது, ஆகஸ்டில் தில்லி வந்த சீன வெளியுறவு அமைச்சரிடம் இந்தியத் தரப்பு பேசியவற்றில் உரமும் இருந்தது. எல்லையில் படைகள் நின்றுகொண்டிருக்கும்போது, அதே அண்டை நாட்டிடம் வயலுக்கான உரத்தைக் கேட்கும் நிலை இது.

பஞ்சாபில் இன்னும் சிக்கலான ஒரு சங்கிலி இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் நிலத்தில் ஊறும் நீரைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இறைக்கிறார்கள். நிலத்தடி நீரைக் காப்பதற்காக, கோடை வெயிலில் முன்கூட்டி நாற்று நடக்கூடாது என்று 2009-இல் மாநில அரசு சட்டம் போட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போயிற்று; கோதுமை விதைக்குமுன் தாளை அகற்றக் கிடைக்கும் நாட்கள் சுருங்கின; தீ வைப்பதே எளிய வழியாயிற்று. காற்று ஓய்ந்து கிடக்கும் நவம்பரில் அந்தப் புகை தில்லியை மூடுகிறது. எல்லைக்கு அப்பாலும் அதே பருவத்தில் தாள் எரிகிறது. லாகூரும் மூச்சுத் திணறுகிறது. 2024 இலையுதிர் காலத்தில் பாகிஸ்தான் பஞ்சாபின் முதல்வர் மரியம் நவாஸ், இந்தியப் பஞ்சாபுடன் புகைமூட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். வேறெதைப் பற்றியும் பேசாத இரண்டு நாடுகளுக்கு நடுவே புகை மட்டும் தடையின்றிப் போய்வருகிறது.

இனி, சொன்ன சொல்லை விழுங்கிய கதை. 2022 ஏப்ரலில் இந்தியப் பிரதமர், உலக வணிக அமைப்பு இசைந்தால் உலகுக்கே உணவளிக்க இந்தியா ஆயத்தம் என்று அமெரிக்க அதிபரிடம் தாம் கூறியதாக அறிவித்தார். ஆனால் அதற்கு முந்தைய மார்ச் மாதம், இந்தியா வெப்பநிலையைப் பதிவுசெய்யத் தொடங்கிய 1901-க்குப் பிந்தைய மார்ச் மாதங்களிலேயே மிகக் கொடிய வெப்பம் கொண்டதாக இருந்தது. பால்பிடிக்கும் பருவத்தில் கோதுமை மணிகள் சுருங்கின. மே 12-ஆம் தேதி, கோதுமை ஏற்றுமதிக்கு வாய்ப்புத் தேட மொராக்கோ, இந்தோனேசியா, லெபனான் உள்ளிட்ட ஒன்பது நாடுகளுக்குக் குழுக்களை அனுப்பப்போவதாக அரசு அறிவித்தது. மே 13 இரவு, கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. இருபத்துநான்கு மணி நேரத்தில் நிலை தலைகீழானது. ஜி-7 நாடுகளின் வேளாண் அமைச்சர்கள் கண்டித்தார்கள்.

அடுத்த ஆண்டு அரிசி. எல் நினோ அச்சம், ஏறும் விலை, நெருங்கிவரும் தேர்தல்கள். 2023 ஜூலை 20-ஆம் தேதி பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 சதவிகிதம் இந்தியாவுடையது என்பதால் அதன் அதிர்வு மணிலாவிலிருந்து டாக்கர் வரை எட்டியது. அமெரிக்காவில் இருக்கும் நம் வாசகர்களில் சிலர் அந்த வாரம் இந்திய மளிகைக் கடைகளில் வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு மூட்டை என்ற கட்டுப்பாட்டோடு அரிசி வாங்கி வந்ததை எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு வார வேடிக்கை. மேற்கு ஆப்பிரிக்காவின் ஏழை வீடுகளுக்கு அப்படியல்ல. அங்கே பலர் உண்ணும் நொய்யரிசிக்கு 2022 செப்டம்பரிலேயே தடை வந்துவிட்டிருந்தது.

தடைக்குப் பின் நடந்ததுதான் நம் கட்டுரைக்கு முக்கியம். தடை என்பது கதவை மூடுவது மட்டுமல்ல; யாருக்குத் திறப்பது என்பதை வாசலில் நிற்பவர் முடிவு செய்வதும்தான். 2023 ஆகஸ்ட் இறுதியில் பூட்டானுக்கு 79,000 டன், சிங்கப்பூருக்கு 50,000 டன், மொரீஷியசுக்கு 14,000 டன் என்று விலக்கு அளிக்கப்பட்டது. சிங்கப்பூருடனான சிறப்பு உறவைக் கருதி என்று வெளியுறவு அமைச்சகமே சொன்னது. 1966-இல் ஜான்சன் மாதக் கணக்கில் அளந்த கோதுமையை நினைவில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துச் சற்றே நெளிந்திருப்பார்கள். நாங்கள் நெளிந்தோம். 2024 செப்டம்பர் 28-ஆம் தேதிதான் அந்தத் தடை நீங்கியது.

ஆக, சூழலின் நெருக்கடி வரும்போது இந்தியா இதுவரை செய்தவை இரண்டு: கையேந்தியது, கையை மூடிக்கொண்டது. சிறுதானிய ஆண்டு மூன்றாவது வகை. குறைந்த நீரில், மோசமான மண்ணில், வெப்பத்தைத் தாங்கி விளையும் ஒன்றை எங்களிடம் வைத்திருக்கிறோம், வாருங்கள், பகிர்ந்துகொள்வோம் என்று உலகத்தை அழைத்த முதல் சந்தர்ப்பம் அது. ஆப்பிரிக்காவின் சாஹேல் நாடுகளுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் இது அந்நியமான பேச்சல்ல. கம்பும் கேழ்வரகும் அந்தக் கண்டத்தில் பிறந்து நம்மிடம் வந்தவை. வளரும் வல்லரசு ஒன்று இப்படிப் பேசுவது, அரிசி மூட்டையைக் காட்டிப் பேசுவதைவிட மேலானது என்றே நினைக்கிறோம். அதனால்தான் அதை வெறும் விளம்பரம் என்று தள்ள எங்களுக்கு மனமில்லை. அதனாலேயே அது உள்ளீடற்றுப் போவதும் எங்களை உறுத்துகிறது.

உள்ளீடு எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் கொல்லிமலைக்குப் போகவேண்டும். எங்களில் சிலர் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போனபோது, சாமைச் சோறு கிடைக்குமா என்று உணவு விடுதிகளில் கேட்டுப் பார்த்தோம். பரோட்டா இருந்தது, சிக்கன் பிரியாணி இருந்தது. சாலையின் இருபுறமும் சரிவுகளில் குச்சிக்கிழங்கு நின்றது. அதற்கப்பால் சவுக்குமர நிழலில் காப்பியும் மிளகும். அன்னாசி ஏற்றிய வண்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. சாமை வயலைக் காண உட்கிராமம் ஒன்றுக்கு நடக்க வேண்டியிருந்தது.

மலையாளி என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் இம்மலைப் பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றில் எத்தனை வகைகளைக் காத்தார்கள் என்பதை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து பதிவுசெய்து வந்திருக்கிறது. சாமையில் மட்டும் மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை, சடஞ்சாமை, பெருஞ்சாமை, திரிகுலாச்சாமை என்று பெயர்கள் நீள்கின்றன. ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று நாள் எடுக்கும். ஒன்று மேட்டுச் சரிவைப் பொறுக்கும், ஒன்று கொஞ்சம் நல்ல மண் கேட்கும். மழை முந்தினாலும் பிந்தினாலும் ஏதோ ஒன்று வீட்டுக்கு வந்துசேரும்படியான ஏற்பாடு. பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ற வேளாண்மை என்று இன்று மாநாடுகளில் பேசப்படுவது இதைத்தான்.

இங்கே வரலாறு ஒரு விசித்திரமான வட்டம் அடிக்கிறது. கோதுமை, நெல் வீரிய விதைகளை நாட்டுக்குக் கொண்டுவந்த அதே சுவாமிநாதன், முதுமையில் இந்த மலைச் சாமையைக் காப்பாற்றத் தம் நிறுவனத்தை அனுப்பினார். அவர் மறைந்தது சர்வதேச சிறுதானிய ஆண்டில், 2023 செப்டம்பர் 28 அன்று. அரிசித் தடை நீங்கிய நாளும் அடுத்த ஆண்டின் அதே செப்டம்பர் 28. இதற்குப் பொருளேதும் இல்லை. தேதிகளைப் புரட்டும்போது கண்ணில் பட்டது.

சாமை ஏன் குறைந்தது? மக்கள் நாகரிகத்தில் மயங்கிப் பழையதை மறந்தார்கள் என்று நகரத்தில் உட்கார்ந்து சொல்வது எளிது. உண்மை அதுவல்ல. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகள் குச்சிக்கிழங்குக்குக் கையில் காசு கொடுத்தன. சாமைக்கு யாரும் கொடுக்கவில்லை. நியாயவிலைக் கடையில் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் இலவசமாகவும் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாமையின் உமியை நீக்குவது பெண்களின் தோளை ஒடிக்கும் வேலை. கல்லும் உலக்கையும் கொண்டு மணிக்கணக்கில் இடித்துப் புடைத்தால்தான் ஒருவேளைச் சோறு. அரிசி வந்தபோது அந்தப் பெண்கள் உலக்கையை மூலையில் சாத்தியதில் எந்தத் தவறும் இல்லை. சுவாமிநாதன் நிறுவனம் முதலில் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று, ஊருக்குள் சிறிய உமிநீக்கும் ஆலைகளை நிறுவி, மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்ததுதான். 2001 முதல் ஐ.நா.வின் வேளாண் மேம்பாட்டு நிதியமும் இதற்குக் கை கொடுத்தது. சிறுதானியத்தைப் பற்றிய சர்வதேசப் பேச்சு 2021-இல் நியூயார்க்கில் தொடங்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பே கொல்லிமலையில் ஒரு மாவாலைச் சத்தத்தோடு தொடங்கிவிட்டது.

ஆனால் அந்த மாவாலைக்குப் போகும் சாமைக்கு விலை? 2023-இல், விருந்து மேசைகளில் சாமை பரிமாறப்பட்ட அதே ஆண்டில், மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் கேழ்வரகும் கம்பும் சோளமும் இருந்தன. சாமையும் தினையும் வரகும் இல்லை. சத்தீஸ்கர் மாநில அரசு 2021-22-இல் தானே முன்வந்து வரகையும் சாமையையும் விலை வைத்துக் கொள்முதல் செய்தது. பழங்குடிகளின் பயிருக்கு ஒரு மாநிலம் செய்ய முடிந்ததை நாடு ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு, அளவு மிகச் சிறிது என்பதே வழக்கமான பதில். உலகத்துக்கு முன்மொழியும்போது அந்த அளவு தடையாக இருக்கவில்லை.

பொலிவியாவின் கதையையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அந்நாடு முன்மொழிந்து 2013 சர்வதேச கினுவா ஆண்டாயிற்று. ஆண்டிஸ் மலை மக்களின் அந்தத் தானியம் மேலைநாட்டுத் தட்டுகளுக்கு ஏற, விலை பலமடங்கு உயர்ந்தது. சரிவில் வரப்பு மாற்றி, நிலத்தை ஓய வைத்துப் பயிரிட்ட முறை, சந்தையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தளர்ந்தது. பிறகு பெருவின் கடற்கரைச் சமவெளியிலும் வேறு நாடுகளிலும் பெருமளவில் பயிரானதும், ஓரிரு ஆண்டுகளிலேயே விலை சரிந்தது. மலைக்காரர்களுக்கு மிஞ்சியது தேய்ந்த மண். சாமைக்கும் இதே நேரக்கூடும். சமவெளியின் பெருவயலில், ஒரே ஒரு வீரிய வகையாக, உரமிட்டு விளைந்த சாமை பொட்டலமாகித் துபாய்க்கும் லண்டனுக்கும் போகும். மல்லியசாமை யாருக்கும் வேண்டாததாகிவிடும்.

விதையின் உரிமையும் இதில் சேர்ந்தது. உலக வணிக அமைப்பில் சேர்ந்த பிறகு இந்தியா இயற்றிய 2001-ஆம் ஆண்டின் பயிர் வகைகள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், வகைகளைக் காத்துவந்த சமூகங்களுக்கும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. மேலைநாடுகள் விரும்பும் ‘உபோவ்’ உடன்படிக்கையைவிட அது உழவருக்கு நெருக்கமானது. தடையற்ற வணிக ஒப்பந்தங்களுக்கான பேச்சுகளில் அந்த உபோவ் நிபந்தனை அவ்வப்போது தலைகாட்டியபடியே இருக்கிறது. இந்தியா அதற்கு இணங்காமலிருப்பது நூறு சிறுதானிய விருந்துகளைவிடக் கொல்லிமலைக்குப் பயன்படும்.

தமிழ்நாட்டு அரசு 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு பெறும் ஏற்பாட்டைத் தொடங்கியது. கொல்லிமலையில் இதையே சாமையைக் கொண்டு செய்து பார்க்கலாம். வெளியே எங்கும் போக வேண்டாம். மலையில் இருக்கும் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் அடுப்புகளே அந்தச் சாமைக்கு முதல் சந்தையாக முடியும். வாரம் இரண்டு வேளை போதும். விதைப்புக்கு முன்பே விலையை அறிவித்து, மகளிர் குழுக்களின் ஆலைகளிலேயே உமி நீக்கி வாங்கினால், குச்சிக்கிழங்குச் சரிவில் ஒரு பகுதியேனும் சாமைக்குத் திரும்பும். நாங்கள் நடந்துபோன உட்கிராமத்தில் ஆலை இருந்தது. பூட்டியிருந்தது. அரைக்க வந்தால் திறப்போம், இப்போது வருவோர் குறைவு என்றார்கள்.